செண்பகத்தோப்பு ஏற்றத்தில் நான் செத்துப்போன கதை

ஒருமுறை, முழு நினைவோடு இருக்கும்போதே, நான் செத்துக்கொண்டிருக்கிறேன் என்று நம்பினேன். சந்தேகமெல்லாம் இல்லை, திடமான நம்பிக்கை. இடம், படவேட்டைத் தாண்டி செண்பகத்தோப்பு அணைக்குப் போகும் ஏற்றம். உடை, தொப்பையை எடுத்துக்காட்டும் கிளிப்பச்சை பனியனும், உட்காருமிடத்தில் மெத்தை வைத்துத் தைத்த அரைக்கால் சட்டையும். மூன்று தலைமுறையாகப் பட்டு விற்கிற குடும்பத்தில் பிறந்தவன் கடைசி மூச்சை நைலானில் விடப்போகிறானே என்று அந்த நேரத்திலும் ஒரு வருத்தம் வந்தது. வியாபாரி புத்தி எங்கே போகும்?

இது ஏன் இன்று ஞாபகத்துக்கு வந்தது என்றால், காலையில் ஒரு அம்மாள் கடைக்கு வந்து, மகளுக்கு எடுத்த புடவையின் அதே ஜரிகைக் கரை வேண்டும் என்று பிடிவாதமாக உட்கார்ந்துவிட்டாள். மாதிரித் துண்டு தேடி இழுப்பறையின் அடிவரை கையை விட்டேன். வழவழப்பாக ஒன்று சிக்கியது. பாம்புச் சட்டையோ என்று கையை உதறியதில் (என் தைரியம் எப்போதுமே இந்த அளவுதான்) அது அந்த அம்மாளின் மடியில் போய் விழுந்தது. கறுப்பு எலாஸ்டிக் பட்டை, நடுவில் ஒரு சின்ன பிளாஸ்டிக் கட்டி. அந்த அம்மாள் அதைத் தொடாமல் முகர்ந்து பார்த்துவிட்டு, "இன்னாங்க இது, சந்தன வாசனை அடிக்குது?" என்றாள்.

சந்தன வாசனைதான். அதற்கு அடியில் பழைய வேர்வை வாசனையும். இரண்டும் சேர்ந்தால் எனக்கு வேறு எதுவும் ஞாபகம் வருவதில்லை, தாஸைத் தவிர.

தாஸ் என்பது விருஷபதாஸ். ஆரணியில் அரிசி மண்டி வைத்திருந்தான். சொந்த ஊர் திருமலைக்குப் பக்கம். தலைமுறை தலைமுறையாக அங்கேயே விவசாயம் பார்க்கும் சமண நயினார் வீட்டுப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் என் பக்கத்தில் உட்கார்ந்தவன், அன்றிலிருந்து என் பக்கத்தைவிட்டு எழுந்திருக்காதவன். பொழுது சாய்ந்தபிறகு ஒரு பருக்கை வாயில் வைக்கமாட்டான். கல்யாண வீடுகளில் மற்றவர்கள் பந்திக்கு இலை எப்போது போடுவார்கள் என்று பார்ப்பார்கள். தாஸ் வாசலுக்குப் போய்ச் சூரியனைப் பார்ப்பான். அது அவன் வீட்டு வழக்கம், அதில் எனக்கு ஒரு புகாரும் இல்லை. அதை வைத்து எனக்குப் புத்தி சொல்வான், அதுதான் புகார்.

நாற்பதைத் தாண்டியதும் எங்கள் ஊரில் ஆண்களுக்கு ஒரு மருத்துவ முகாமில் சர்க்கரை கண்டுபிடிக்கப்படும். கண்டுபிடித்த மறுவாரம் கோட்டை மைதானத்தில் நடப்பார்கள். அதற்கடுத்த மாதம் நடந்து முடித்துப் போண்டா சாப்பிடுவார்கள். நானும் தாஸும் போண்டா கட்டத்தில் இருந்தபோதுதான் சேகர் எங்களைப் பிடித்தான். சேகருக்கு விசைத்தறிக் கூடம் இருந்தது. எதையும் ஒரு சங்கமாக்கி, அதற்கு ஒரு வாட்ஸப் குழு ஆரம்பித்து, தானே அட்மின் ஆகாவிட்டால் அவனுக்குச் சோறு இறங்காது. கியர் வைத்த ரோடு சைக்கிள்தான் இனிமேல் உலகம் என்றான். மூன்று பேரும் வாங்கினோம். விலையை வீட்டில் பாதியாகச் சொன்னோம். அந்தப் பாதிக்கே வீட்டில் கிடைத்தது போதும்.

அப்புறம் ஒவ்வொரு ஞாயிறும் விடியலில் கிளம்புவோம். ஒரு வாரம் போளூர்ப் பக்கம், இன்னொரு வாரம் திருமலை. திருமலையில் மலையடிவாரத்தில் தாஸின் அக்கா வீடு. போனால் பொங்கல் உண்டு. மேலே பாறையில் செதுக்கிய நேமிநாதர் அத்தனை உயரத்துக்கு அசையாமல் நிற்பார். மூச்சு வாங்கிக்கொண்டு அவர் முன்னால் நிற்கும்போதெல்லாம், கியர் இல்லாமலே இவர் எவ்வளவு தூரம் போயிருக்கிறார் என்று எனக்குத் தோன்றும். சொன்னால் தாஸ் முறைப்பான்.

ஆனால் எங்களுக்குப் பிடித்த பாதை கமண்டல நாகநதியை எதிர்த்துக்கொண்டு மேற்கே போவதுதான். ஆறு என்பது மரியாதைக்கு. வருஷத்தில் பாதி நாள் மணல்தான் ஓடும். சந்தவாசல் தாண்டினால் ஜவ்வாது மலை கிட்டத்தில் வந்து உட்கார்ந்துகொள்ளும். இரண்டு பக்கமும் வாழை, நெல், நடுநடுவே திடீர் திடீரென்று ஒரு பழைய கோயில். படவேடு ஒரு காலத்தில் ராஜாக்களின் தலைநகரம். எந்த ராஜா, எப்போது என்பதெல்லாம் எனக்குச் சரியாகத் தெரியாது. அது எனக்கு ஒரு தடையாக இருந்ததும் இல்லை. சேகருக்கு நான் வழியெல்லாம் சரித்திரம் சொல்லிக்கொண்டு வருவேன். ஒரு குட்டையைக் காட்டி, இதில்தான் பட்டத்து ராணி பட்டுக்குச் சாயம் போட்டுப் பழகினாள் என்று சொன்னேன். அதை அவன் குழுவில் போட்டோவோடு போட்டுவிட்டான். இன்னொரு நாள், அணைப் பக்கம் சிறுத்தை இறங்கியிருக்கிறதாம் என்று தாஸிடம் சொல்ல, அவன் அன்று ஓட்டிய வேகத்தை அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இதையெல்லாம் சொல்லிவைக்கிறேன், ஏனென்றால் பின்னால் நான் உண்மையைச் சொல்ல வேண்டிய ஒரு நாள் வந்தது. அன்று கேட்க ஆள் இல்லை.

எங்கள் உடையைப் பற்றி ஊர் என்ன நினைத்தது என்பதற்கு ஒரு சாட்சி போதும். சந்தவாசலுக்கு அப்புறம் ஒரு வயலில் நாற்று நட்டுக்கொண்டிருந்த பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். எந்த ஊர் என்று ஒருத்தி கேட்டாள். ஆரணி என்றோம். அவள் எங்களை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "அத்தினி தறி ஓடுற ஊர்ல உங்களுக்குத் துணி பத்தலயா சார்?" என்றாள். அந்த வரப்பிலிருந்து எழுந்த சிரிப்பு படவேடுவரை எங்கள் முதுகில் வந்தது.

இப்போது பட்டைக்கு வருகிறேன். நெஞ்சுக்குக் குறுக்கே கட்டிக்கொண்டால் நாடித் துடிப்பை எண்ணி, சைக்கிள் கைப்பிடியில் மாட்டிய சின்னத் திரைக்கு அனுப்பும். சேகர் ஏற்கெனவே ஒன்று வைத்திருந்தான். எனக்கும் தாஸுக்கும் ஆன்லைனில் ஒரே தள்ளுபடியில் இரண்டு செட் வரவழைத்து, எங்கள் கடை மேசையில் வைத்து இந்தப் பட்டைக்கு இந்தத் திரை என்று ஜோடி சேர்த்துக் கொடுத்தான். அப்படியே எடுத்து மாட்டியிருக்கலாம். ஆனால் புதுச் சாமான் வந்தால் பூஜை போடாமல் தொடுகிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது. தறிக்கு நாடா வாங்கினாலும் சரி, கால்குலேட்டர் வாங்கினாலும் சரி, தாம்பாளத்தில் வைத்துக் கற்பூரம் காட்டிய பிறகுதான் வேலையை ஆரம்பிக்க வேண்டும். என் மனைவி சுமதி வெள்ளிக்கிழமை சாயந்திரம் கடையிலேயே ஏற்பாடு செய்துவிட்டாள். சைக்கிள் சக்கரங்களுக்கடியில் எலுமிச்சம்பழம். தாம்பாளத்தில் ஒரு பக்கம் திரைகள், இன்னொரு பக்கம் பட்டைகள், நடுவில் சாமந்திப்பூ. ஒவ்வொன்றுக்கும் ஒரு சந்தனப் பொட்டு. தாஸுக்காகப் பொழுது இருக்கும்போதே பூஜையை முடித்துச் சுண்டலும் கொடுத்தாள். பிரசாதம் எடுத்துக்கொள்கிற மாதிரி, ஆளுக்கொரு திரை, ஆளுக்கொரு பட்டை, கண்ணில் ஒற்றி எடுத்துக்கொண்டோம்.

அன்றிலிருந்து என் நிம்மதி போனது.

அதுவரை எனக்கு ஒரு நெஞ்சு இருக்கிறது என்பதே சினிமாப் பாட்டில் கேட்டால்தான் ஞாபகம் வரும். இப்போது அது கண்ணெதிரே எண்ணாக ஓடியது. சும்மா சமதரையில் போகும்போதே நூற்றைம்பது என்றது. சின்ன ஏற்றம் வந்தால் நூற்றெண்பது. தாஸின் திரையை எட்டிப் பார்ப்பேன். அது தொண்ணூறு, நூற்றுப் பத்து என்று வாய்க்கால் தண்ணீர் மாதிரி போய்க்கொண்டிருக்கும்.

"பொழுதோட சாப்ட்டுப் பாரு," என்பான் தாஸ். "நெஞ்சு கோயில் கொளம் மாரி கெடக்கும். நீ ராத்திரியில பிரியாணி துன்னுட்டு அப்டியே பட்த்துக்கறே. அது உள்ள கெடந்து பேஜார் பண்ணுது."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்காதா? பிரியாணியை ஒரு வாரம் நிறுத்திப் பார்த்தேன். எண் குறையவில்லை. பிரியாணி இல்லாத துக்கத்தில் ஏறியிருக்கும் என்று மறுபடி ஆரம்பித்துவிட்டேன்.

இதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. சில சமயம் தாஸ் என்னை விட்டுவிட்டு முன்னால் போய்விடுவான். கொஞ்ச தூரம் போனதும் என் திரையில் எண் மறைந்து இரண்டு கோடுகள் வந்துவிடும். கோடு! எந்த ஆஸ்பத்திரிக் காட்சியில் கோடு வந்தாலும் அதற்கு என்ன அர்த்தம் என்று நமக்குத் தெரியும். உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு மிதிப்பேன். தாஸை நெருங்கியதும் எண் திரும்ப வந்துவிடும். நான் யோசித்து யோசித்துக் கண்டுபிடித்த உண்மை என்னவென்றால், நண்பன் பக்கத்தில் இருந்தால்தான் என் இதயம் ஓடுகிறது. இதை உருகி உருகி அவனிடம் சொன்னேன். "இத்த போயி உன் பொண்டாட்டி கிட்ட சொல்லு, ஒரு வேள சோறாவது நல்லா போடும்," என்றான்.

அப்படியிருக்கும்போதுதான் அந்தச் செண்பகத்தோப்பு ஞாயிறு வந்தது.

படவேட்டில் டீ குடித்துவிட்டு அணைப் பக்கம் ஏற ஆரம்பித்தோம். சேகர் வழக்கம்போல முன்னால் காணாமல் போனான். நானும் தாஸும் பக்கத்தில் பக்கத்தில். வெயில் இன்னும் ஏறவில்லை, மலைக்காற்று இருந்தது. நிஜம் சொன்னால் உடம்பு நன்றாகத்தான் இருந்தது. திரையைப் பார்த்தேன். நூற்றுத் தொண்ணூறு. கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தேன். இருநூறு. அதற்குமேலும் ஏறியது. அவ்வளவுதான், உடனே எனக்கு எல்லாம் வந்துவிட்டது. இடது கை மரத்தது. தாடை இழுத்தது. எங்கேயோ படித்திருந்த அத்தனை அறிகுறியும் படித்த வரிசையிலேயே வந்து சேர்ந்தன. சைக்கிளை நிறுத்தக்கூட இல்லை, அப்படியே புல்லில் சாய்ந்து விழுந்தேன்.

விழுந்ததும் நான் போட்ட கூச்சல் அணைக்குப் போய்த் திரும்பி வந்ததாகச் சேகர் பிறகு சொன்னான். புல்லில் மல்லாந்தபடி, கைப்பிடியில் மினுக்கிக்கொண்டிருந்த அந்தத் திரையைக் கைநீட்டிக் காட்டி ரேணுகாம்பாளைக் கூப்பிட்டேன். படவேட்டம்மன்தான் எங்கள் குலதெய்வம். "தாயே, இந்த நெஞ்சக் காப்பாத்து. வேப்பஞ்சேல கட்டிக்கினு உன்னச் சுத்தி வரேன்."

திரும்பிப் பார்த்தால் தாஸ் பக்கத்து மதகுக் கட்டையில் உட்கார்ந்திருந்தான். முகமெல்லாம் வேர்வை. வாயைத் திறக்கவில்லை. ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். ஆகா, நமக்காக இப்படித் துடிக்கிறானே, நண்பன் என்றால் இவனல்லவா என்று எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது.

கொஞ்ச நேரத்தில் எண் இறங்கியது. அம்மன் இரங்கிவிட்டாள் என்று எடுத்துக்கொண்டேன். சேகர் திரும்பி வந்து, வழியில் போன ஒரு வாழைத்தார் வண்டியை நிறுத்தி, என்னைத் தார்களோடு தாராக ஏற்றினான். தாஸும் சைக்கிளைத் தூக்கிப் போட்டுவிட்டு வண்டியிலேயே வந்தான். ஆரணி ஆஸ்பத்திரியில் ஈசிஜி எடுத்தார்கள், ரத்தம் எடுத்தார்கள், இரண்டு தடவை பார்த்தார்கள். டாக்டர் காகிதத்தை நீட்டி, உங்கள் இதயம் நன்றாக இருக்கிறது என்றார். ஏதோ புகார் சொல்கிற தொனியில்தான் சொன்னார்.

வேண்டுதல் மட்டும் மிச்சம் நின்றது. நெஞ்சுக்கு ஒன்றுமே இல்லை என்று ஆனபின் வேண்டுதல் செல்லுமா? வியாபாரி என்ற முறையில் அம்மனிடம் கொஞ்சம் குறைத்துக் கேட்கலாமா என்று பார்த்தேன். ஒரு பட்டுப் பாவாடை சாத்திவிட்டால் போதாதா? "அம்மன் கிட்டயே தள்ளுபடி பேசுறீங்களா?" என்று சுமதி ஒரே கேள்வியில் முடித்துவிட்டாள். அடுத்த வெள்ளிக்கிழமை, ஆயுசு முழுக்க ஊருக்குப் புடவை விற்றவன், இடுப்பைச் சுற்றி வேப்பிலை கட்டிக்கொண்டு படவேட்டில் கோயிலைச் சுற்றி வந்தேன். கொத்தைப் பொறுக்கும்போது சுமதி, இது சுருங்கியிருக்கிறது, இது கரை சரியில்லை என்று ஒதுக்கியதைப் பார்க்க வேண்டுமே. கடைக்கு வரும் பெண்கள் எல்லாம் தோற்றார்கள். தாஸ் போட்டோ எடுத்தான். சேகர் அதைக் குழுவில் 'புது வரவு, ஒரே டிசைன்' என்று போட்டான். அந்த வாரம் முழுவதும், சேலையில் கறை இருக்கிறது என்று நான் கூலி குறைத்தால், நெய்கிறவர்கள், "பாத்து அண்ணா, நெஞ்சு வலிக்கப் போவுது," என்றார்கள். ஒருவரும் சிரிக்கவில்லை. அதுதான் இன்னும் வலித்தது.

நான் சைக்கிளைத் தொடவில்லை. ஆனால் மானம் என்று ஒன்று இருக்கிறதே. பயந்தாங்கொள்ளி நான் இல்லை, பொய் சொன்னது மெஷின்தான் என்று நிரூபித்தாக வேண்டும். ஒரு ஞாயிறு, தாஸும் சேகரும் ஓட்டி முடித்துவிட்டு, வேர்வையோடு, என்னைக் கிண்டல் செய்வதற்காகவே கடைக்கு வந்தார்கள். நான் தயாராக இருந்தேன். என் பட்டையை எடுத்து மேசைமேல் போட்டேன். திரையை ஆன் செய்து பக்கத்தில் வைத்தேன். யார் உடம்பிலும் இல்லாத பட்டை. திரை கொஞ்சம் யோசித்துவிட்டு, தொண்ணூற்றாறு என்றது.

"பாத்தியா?" என்றேன். "திருட்டு மெஷின்."

"மேசைக்கு நெஞ்சு கீதுடா," என்றான் சேகர். தாஸ் சிரித்துச் சிரித்துப் புரையேறி, தண்ணீர் குடிக்க மாடிக்குப் போனான். எங்கள் கடை மாடிப்படி கொஞ்சம் செங்குத்து. அவன் ஏற ஏற மேசையில் இருந்த எண்ணும் ஏறியது. நூற்றிருபது. நூற்றைம்பது. நூற்றெழுபது. மேலே நாற்காலி இழுபடும் சத்தம் கேட்டது. எண் அங்கேயே நின்று, அப்புறம் மெல்ல இறங்கியது.

சேகர் சிரிப்பை நிறுத்தினான். நான் அவனைப் பார்த்தேன், அவன் படிக்கட்டைப் பார்த்தான். தாஸ் இறங்கி வந்தபோது, ஜிப்பைத் திறந்துவிட்டிருந்த அவன் பனியனுக்குள் பட்டையின் ஓரம் தெரிந்தது. அதில் ஒரு சந்தனப் பொட்டு. என் பட்டையிலும் ஒரு சந்தனப் பொட்டு. இரண்டு திரைக்கும் பொட்டு. சுமதி பாரபட்சம் பார்க்கிறவள் இல்லை. தாம்பாளத்தில் ஜோடி மாறியிருந்தது. பூஜை போட்ட நாளிலிருந்து என் கைப்பிடியில் ஓடியது தாஸின் நெஞ்சு. அவன் கைப்பிடியில் கோயில் குளம் மாதிரி கிடந்தது, ராத்திரி பிரியாணி தின்கிற என்னுடையது.

அப்படியென்றால் செண்பகத்தோப்பில் இருநூறைத் தாண்டியது?

சொன்னேன். தாஸிடம் நான் சொன்னதுதான் தப்பு. வேறு யாராவது சொல்லியிருக்க வேண்டும். தாஸ் என்னையே பார்த்தான். பிறகு சிறுத்தையைப் பற்றிக் கேட்டான். பட்டத்து ராணியைப் பற்றிக் கேட்டான். "வேப்பல கட்டன கோவத்துல என்னியும் கட்ட வெக்கப் பாக்குறியா?" என்றான். சேகர் மெஷினைப் பிரித்து விளக்கினான். நெஞ்சுக்கு எதற்கு மெஷின், பொழுதோடு சாப்பிடுகிறவனுக்கு ஒன்றும் வராது என்று தாஸ் சைக்கிளில் ஏறிப் போய்விட்டான். அவன் மனைவியிடம் சொன்னேன். அவளும் சிரித்தாள், வேப்பிலைப் போட்டோவை அவள் பார்த்திருந்தாள். அடுத்த ஞாயிறு அவன் சேகரோடு மறுபடி படவேட்டுக்குக் கிளம்பப் போகிறான் என்று தெரிந்தபோது எனக்கு வந்தது புது மாதிரியான பயம். கை மரக்கவில்லை, தாடை இழுக்கவில்லை. சத்தமே இல்லாமல் என்னோடு கடையில் வந்து உட்கார்ந்துகொண்டது.

உண்மை செல்லுபடியாகாத இடத்தில் என்னிடம் வேறு என்ன சரக்கு இருந்தது? ஊரறிந்த பயம் ஒன்றுதான். அதையே எடுத்துக்கொண்டு சனிக்கிழமை மண்டிக்குப் போனேன். வேலூரில் ஒரு ஆஸ்பத்திரியில் பெல்ட்டில் ஓடவிட்டு நெஞ்சைப் பார்க்கிறார்களாம், டாக்டர் என்னைப் போகச் சொல்லியிருக்கிறார், தனியாகப் போகப் பயமாக இருக்கிறது என்றேன். குரலை நடுங்க வைக்க நான் மெனக்கெடவே வேண்டியிருக்கவில்லை. இதற்கு மட்டும் அவன் உடனே நம்பினான். கூடவே வந்தான். காரில் வேலூர்வரை என்னைக் கலாய்த்துக்கொண்டே வந்தான்.

இரண்டு பேருக்கும் நான் முன்கூட்டியே பெயர் கொடுத்திருந்தது அவனுக்குத் தெரியாது. உள்ளே போனதும் அந்த ஓடும் பெல்ட்டைப் பார்த்து நான் பின்வாங்கினேன்.

"எனக்கு வேணாம்டா. ஒத்துக்கல. வூட்டுக்குப் போலாம்."

"த்தூ, இதுக்கா?"

"நீ ஒருவாட்டி ஏறிக் காட்டு. உனக்கு ஒண்ணும் ஆவலன்னா நான் ஏறறேன்."

தாஸ் நர்ஸைப் பார்த்து, "இவனுக்குச் சோறு ஊட்டறதுக்கும் நான்தான் வரணும் சிஸ்டர்," என்றான். சட்டையைக் கழற்றினான். நெஞ்சில் வயர்களை ஒட்டினார்கள். பெல்ட் நகர ஆரம்பித்ததும், மாப்பிள்ளை ஊர்வலத்தில் போகிறவன் மாதிரி எனக்குக் கையாட்டினான். நர்ஸ் சாய்வை ஏற்றினாள். தாஸ் பேசுவதை நிறுத்தினான். நர்ஸ் எழுந்து போய் டாக்டரைக் கூட்டிவந்தாள். டாக்டர் திரையைப் பார்த்தார், கையை நீட்டிப் பெல்ட்டை நிறுத்தினார். குரலை உயர்த்தவே இல்லை.

"மெதுவா இறங்குங்க. படுங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

தாஸ் படுத்துக்கொண்டே என்னைக் காட்டினான். அந்த விரலை என்னால் மறக்க முடியாது.

மூன்று குழாயில் அடைப்பு. அன்றைக்கே உள்ளே அனுப்பி, மறுநாள் இரண்டில் ஸ்டென்ட் வைத்தார்கள், ஒன்றை மருந்தில் விட்டார்கள். சாப்பிடலாம் என்று அவர்கள் சொல்லி ரொட்டி கொண்டுவந்தபோது ஜன்னலில் இருட்டிவிட்டிருந்தது. தாஸ் ஜன்னலைப் பார்த்தான், ரொட்டியைப் பார்த்தான், மூடி வைக்கச் சொல்லிவிட்டான். எனக்கும் அன்று ராத்திரி சாப்பாடு இறங்கவில்லை. நோன்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், கேன்டீன் பிரியாணி அப்படி.

விளக்கை அணைக்கும் நேரத்தில் அவன் சொன்னான்: "அன்னிக்கிப் படவேட்டுல எனக்கும் கொஞ்சம் புட்ச்சிது. வாயுன்னு வுட்டேன். நீ போட்ட கூச்சல்ல என்னுது எனக்கே சின்னதா தெரிஞ்சிது."

மதகுக் கட்டையில் நெஞ்சில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தவனைப் பார்த்து, எனக்காகத் துடிக்கிறான் என்று உருகியவன் நான். வேண்டுதலைப் பற்றிச் சுமதிக்கு மட்டும் ஒரு கருத்து உண்டு. நான் திரையைத்தானே காட்டி இந்த நெஞ்சு என்றேன், அம்மன் திரையில் இருந்த நெஞ்சை எடுத்துக்கொண்டாள், வேப்பஞ்சேலைக் கணக்கு சரியாகப் போய்விட்டது என்பாள். தாஸ் இதைக் கேட்டுவிட்டு, தன் நெஞ்சுக்கு வேறு ஆள் இலை கட்டிய ஊரில் இனிமேல் தலைகாட்ட முடியாது என்றான்.

தலைகாட்டவும் இல்லை. கொரோனாவுக்கு அப்புறம் மண்டியைக் கைமாற்றிவிட்டுச் சென்னையில் மகள் வீட்டோடு போய்விட்டான். அடுக்குமாடியின் நடையில் காலையும் மாலையும் நடக்கிறான். அங்கே கட்டடங்களுக்கு நடுவில் சூரியன் எப்போது இறங்குகிறது என்றே தெரிவதில்லையாம், செல்போனில் பார்த்துச் சாப்பிடுகிறானாம். நல்லவேளை, அந்தச் செல்போனுக்கு யாரும் பூஜை போடவில்லை. சேகரின் சைக்கிள் விசைத்தறிக் கூடத்து ஆணியில் தலைகீழாகத் தொங்குகிறது. அதன்மேல் துண்டு காய்கிறது. குழு இன்னும் இருக்கிறது. அதில் சேகர் தினமும் காலை வணக்கம் போடுகிறான், வேறு யாரும் எதுவும் போடுவதில்லை. சந்தவாசல் ரோட்டை அகலமாக்கிப் புளியமரங்களை எடுத்துவிட்டார்கள். இப்போது அதில் சின்னப் பையன்கள் கூட்டமாக, எங்களைவிடக் குறைந்த துணியில் போகிறார்கள். நாற்று நட இயந்திரம் வந்துவிட்டது, வரப்பிலிருந்து நிமிர்ந்து கேட்க ஆளில்லை.

ஜரிகைக் கரைத் துண்டு கடைசிவரை கிடைக்கவில்லை. அந்த அம்மாள் வேறு கடைக்குப் போனாள். கூட்டம் இல்லாததால், பட்டையைச் சட்டைக்குள் கட்டிக்கொண்டு, இழுப்பறையிலேயே கிடந்த திரைக்குச் சார்ஜ் போட்டு ஆன் செய்தேன். இரண்டு கோடுகள் வந்தன. பயப்படவில்லை. அது தேடுவது என் நெஞ்சை இல்லை, சென்னையில் நடந்துகொண்டிருக்கும் ஒன்றை.

நடந்தது இவ்வளவுதான். செண்பகத்தோப்பு ஏற்றத்தில் எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனது தாஸுக்கு. அவன் ஏறிக் காட்டினால் நானும் ஏறுகிறேன் என்று சொன்ன அந்தப் பெல்ட்டில் நான் இன்றுவரை ஏறவில்லை.